9 ஜி-யில் மயங்கும் விமானி, 46 ஜி-யில் பிழைத்த மருத்துவர்: உடலுக்குள் நடக்கும் வேறுபாடு என்ன?

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பில் வட்ட இயக்கத்தைக் கற்பிக்கும்போது, திரும்பும் விமானத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வது என் வழக்கம். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் எந்த விமானத்திலும், அதன் வேகம் எதுவாக இருந்தாலும், உள்ளே அமர்ந்திருப்பவர் தம் எடையை இரு மடங்காக உணர்வார் என்பதை மாணவர்கள் கோசைன் கணக்கின் மூலம் தாமாகவே கண்டுவிடுகிறார்கள். 75 பாகையில் அது ஏறத்தாழ 3.9 மடங்காகவும், 80 பாகையில் ஏறத்தாழ 5.8 மடங்காகவும் உயர்கிறது. பயணிகள் விமானம் வழக்கமாக 30 பாகைக்கு மேல் சாய்வதில்லை என்பதால், நாம் பயணம் செய்யும்போது உணர்வது 1.15 மடங்குதான். கணக்கு இந்த அளவில் முடிந்துவிடுகிறது. மாணவர்களின் கேள்விகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

இந்த ஆண்டு ஒரு மாணவி எழுப்பிய ஐயத்தை இங்கே வைக்கிறேன். போர் விமானங்களின் உச்ச வரம்பு பெரும்பாலும் 9 ஜி (அதாவது எடையின் 9 மடங்கு) என்றும், அந்த அளவில் பயிற்சி பெற்ற விமானிகளே நினைவிழக்கக்கூடும் என்றும் படிக்கிறோம். ஆனால் 1954 டிசம்பர் 10 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ஹாலோமன் விமானத் தளத்தில், ஜான் பால் ஸ்டாப் என்ற விமானப்படை மருத்துவர் ராக்கெட் பொருத்திய தண்டவாள வண்டியில் மணிக்கு 632 மைல் வேகத்தில் சென்று, 1.4 நொடியில் நிறுத்தப்பட்டார். சராசரியாகக் கணக்கிட்டாலே அது ஏறத்தாழ 20 ஜி. பதிவான உச்சம் 46.2 ஜி. அவர் உயிர் பிழைத்ததோடு 1999 வரை வாழ்ந்தார். "அப்படியானால் மனித உடலின் வரம்பு 9-ஆ, 46-ஆ?" என்று அந்த மாணவி கேட்கிறாள்.

திசையும் நேரமும் முக்கியம் என்று பொதுவாகச் சொன்னேன். அந்த விடை அவளுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. உடலின் எந்தப் பகுதி முதலில் தோற்கிறது, ஏன் தோற்கிறது, விமானிகளின் உடையும் பயிற்சியும் அதில் எந்த இடத்தில் உதவுகின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், வகுப்பில் எண்களோடு எடுத்துச் சொல்ல முடியும்.


உடலியங்கியல் எழுதியது:

அம்மா, மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் விடையளிக்க முயல்கிறேன். உங்கள் மாணவி கேட்டிருப்பது இந்தத் துறையின் அடிப்படையான கேள்வி. எத்தனை ஜி என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உடலுக்கு என்ன ஆகும் என்று சொல்லவே இயலாது. அது உடலின் எந்த அச்சில் செயல்பட்டது, எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்வளவு விரைவாக ஏறியது ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் விமானியை எடுத்துக்கொள்வோம். விமானம் கூர்மையாகத் திரும்பும்போதோ, கீழ்நோக்கிய பாய்ச்சலிலிருந்து மேலெழும்பும்போதோ, இருக்கை அவரை மேல்நோக்கித் தள்ளுகிறது. அவருடைய இரத்தமோ நிலைமத்தால் தலையிலிருந்து கால்களை நோக்கிச் செல்ல முனைகிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் இதயத்துக்கும் கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 30 செ.மீ. உயரம் இருக்கிறது. இரத்தத்தின் அடர்த்தியைக் கொண்டு உங்கள் மாணவர்களே கணக்கிடலாம்: சாதாரண நிலையில் அந்த உயரத்துக்கு இரத்தத்தை ஏற்றுவதற்கு ஏறத்தாழ 22 மி.மீ. பாதரச அழுத்தம் செலவாகிறது. இதய மட்டத்தில் சராசரி அழுத்தம் 95 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தலைக்குச் சேர்வது 73 மி.மீ.; அது தாராளமாகப் போதும். அதே மனிதர் 4 ஜி-யில் இருக்கும்போது, ஏற்றுவதற்கு மட்டுமே 88 மி.மீ. செலவாகிவிடுகிறது, தலைக்குச் சேர்வது 7 மி.மீ. மட்டுமே. மொட்டைமாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரின் திறன் மாறாமலிருக்க, நீரின் எடை மட்டும் நான்கு மடங்கானால் குழாயில் என்ன நடக்குமோ அதுவே இங்கு நடக்கிறது. இதயம் பழுதடையவில்லை, இரத்தமும் குறையவில்லை. மேலே ஏறுவதற்கான அழுத்தந்தான் இல்லை. எந்தத் தற்காப்பும் இல்லாமல் தளர்வாக அமர்ந்திருக்கும் மனிதர்கள் சராசரியாக 4 முதல் 5 ஜி-க்குள் நினைவிழப்பதற்கு இந்த எளிய கணக்குதான் காரணம்.

முதலில் தோற்பது மூளை அன்று, கண். விழிக்கோளத்துக்குள் ஏற்கெனவே 15 மி.மீ. அளவுக்கு ஓர் அழுத்தம் இருப்பதால், அதை வென்றுதான் இரத்தம் விழித்திரைக்குள் நுழைய வேண்டும். தலைக்கு வரும் அழுத்தம் அதற்குக் கீழே இறங்கும்போது, முதலில் நிறங்கள் மங்குகின்றன. பின்னர் பார்வையின் ஓரங்கள் மறைந்து, நடுவில் ஒரு வட்டம் மட்டும் எஞ்சுகிறது. அதற்கடுத்து முழு இருட்டு. அந்த இருட்டிலும் விமானிக்கு நினைவு இருக்கும், காது கேட்கும், வானொலியில் விடை சொல்ல முடியும். மூளை சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பதற்கும் காரணம் உண்டு. மண்டையோடு மூடிய பெட்டகமாக இருப்பதால், தமனி அழுத்தம் குறையும்போது மூளைத் தண்டுவட நீரின் அழுத்தமும் சிரைகளின் அழுத்தமும் உடன் குறைந்து, இரத்த ஓட்டத்துக்குத் தேவையான அழுத்த வேறுபாட்டை ஓரளவு காப்பாற்றுகின்றன.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் உயிரிழப்புகள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் வருகின்றன. இரத்தம் முற்றிலும் நின்றாலும் மூளை தன்னிடமுள்ள பிராணவாயுவைக் கொண்டு ஏறத்தாழ 5 நொடிகள் இயங்கும். மறுபுறம், கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் வீழ்ச்சியை அறிந்து, இதயத் துடிப்பைக் கூட்டி, இரத்தக் குழாய்களைச் சுருக்கி நிலைமையைச் சரிசெய்வதற்கு 10 நொடிகள் வரை ஆகின்றன. ஜி மெதுவாக ஏறினால் இந்த அனிச்சைச் செயலுக்கு அவகாசம் கிடைக்கிறது. தாங்கும் திறனும் ஏறத்தாழ 1 ஜி அளவுக்குக் கூடுகிறது. இன்றைய போர் விமானங்களோ ஓரிரு நொடிகளில் உச்ச ஜி-யை அடையக்கூடியவை. அப்போது பார்வை மங்குதல் என்ற முன்னெச்சரிக்கையே கிடைக்காமல், தெளிவாக இருந்த விமானி மறுகணமே நினைவிழக்கிறார். கையிருப்புப் பிராணவாயுவின் துணையால் முதல் நான்கைந்து நொடிகள் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றே அவருக்குத் தோன்றும் என்பது இதிலுள்ள கொடுமை.

நினைவிழந்தவர் சராசரியாக 12 நொடிகள் முழு மயக்கத்தில் இருக்கிறார். கண் விழித்த பிறகும் ஏறக்குறைய அதே அளவு நேரம் தாம் எங்கிருக்கிறோம் என்பது புரியாமல், கை கால்களைப் பயனுள்ள வகையில் அசைக்க முடியாமல் இருக்கிறார். விழிக்கும் தறுவாயில் கை கால்கள் வெட்டியிழுப்பதும், குறுங்கனவுகள் வருவதும் உண்டு. ஜேம்ஸ் வின்னரி என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் சென்ட்ரிஃபியூஜ் என்ற, மனிதரை அமர்த்திச் சுழற்றும் பொறியில் நிகழ்ந்த நூற்றுக்கணக்கான மயக்கங்களைத் தொகுத்து இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார். பலருக்குத் தாம் மயங்கியதே நினைவில் இருப்பதில்லை. ஒளிப்பதிவைக் காட்டினால்தான் நம்புகிறார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானம் அந்த 12 நொடிகளில் 3 கி.மீ. தொலைவைக் கடந்துவிடும்.

இனி ஸ்டாப். அவர் வண்டியில் முன்னோக்கி அமர்ந்து நிறுத்தப்பட்டதால், விசை தலைக்கும் காலுக்கும் இடையே செயல்படாமல் மார்புக்கும் முதுகுக்கும் இடையே செயல்பட்டது. அந்த அச்சில் இதயத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தொலைவு மிகக் குறைவு. ஆகவே மூளையிலிருந்து இரத்தத்தை வடிக்கும் உயரமே அங்கில்லை. நேரத்தைப் பார்த்தாலும், 1.4 நொடி என்பது மூளையின் கையிருப்புக்குள் அடங்கிவிடுகிறது. அவருடைய வரம்பை முடிவு செய்தவை எலும்புகளும் தசைகளும் குழாய்ச் சுவர்களுந்தான். கண்களிலிருந்த நுண்குழாய்கள் வெடித்து அவர் தற்காலிகமாகப் பார்வையை இழந்தார். பின்னர் அது திரும்பியது. சாலை விபத்துகளில் மக்கள் இறப்பதைத் தடுக்கப் பின்னாளில் அவர் கார்களின் இருக்கைப் பட்டைக்காக அயராது வாதாடியதற்கு இந்த அறிவே அடித்தளமாக இருந்தது. அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்த நிலையில் ஏவப்படுவதற்கும் திரும்புவதற்கும் இதே காரணந்தான். சோயுஸ் கலம் வழக்கமாகத் தரையிறங்கும்போது 4 ஜி அளவுக்கு ஏறுகிறது. 2008 ஏப்ரலில் ஒரு சோயுஸ் கலம் வழிமாறிச் செங்குத்தான பாதையில் இறங்கியபோது அது 8 ஜி-யைத் தாண்டியது; உள்ளே இருந்த மூவரும் பிழைத்தார்கள். 1975-இல் ஏவுதல் தோல்வியடைந்து இறங்கிய இரு சோவியத் வீரர்கள் சிறிது நேரம் 20 ஜி-க்கு மேல் சந்தித்தும் உயிரோடு மீண்டார்கள். மல்லாந்த நிலையில் முதலில் தடுமாறுவது மூச்சு. மார்பின் மேல் ஏறும் எடையால் காற்றை உள்ளிழுப்பது கடினமாகிறது.

ஆகவே உங்கள் மாணவியிடம், 9 என்பது ஒரு திரவத்தின் வரம்பு என்றும், 46 என்பது திடப்பொருளின் வரம்பை நெருங்கிய எண் என்றும் சொல்லலாம்.


நீலச்சீருடை எழுதியது:

ஐயா தெளிவாக விளக்கிவிட்டார். விமானிகளின் தலைக்கவசம், பிராணவாயு முகமூடி, ஜி-சூட் ஆகியவற்றைச் சரிபார்த்து அணிவிக்கும் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால், 4 ஜி-யில் மயங்க வேண்டிய மனிதர் 9 ஜி-யில் எப்படிப் பணியாற்றுகிறார் என்ற பகுதியை நான் எழுதுகிறேன்.

ஜி-சூட் என்பது வயிற்றிலிருந்து கீழே கால்சட்டையின் மேல் இறுக்கமாக அணியும் உடை. வயிற்றிலும் இரு தொடைகளிலும் இரு கெண்டைக்கால்களிலும் காற்றுப் பைகள் இருக்கும். ஏறத்தாழ 2 ஜி-யைத் தாண்டியதும் ஒரு வால்வு தானாகத் திறந்து, ஜி ஏற ஏற அதற்கேற்ற அழுத்தத்தில் பைகளை நிரப்புகிறது. கால்களில் இரத்தம் தேங்குவதை அது தடுக்கிறது. வயிற்றை அழுத்தி, உதரவிதானமும் இதயமும் கீழே இறங்காமல் தாங்கிப்பிடிக்கிறது. இவ்வளவு செய்தும் அது தரும் கூடுதல் பாதுகாப்பு 1 முதல் 1.5 ஜி வரைதான். உடை ஒரு சுற்றுத் தளர்வாக இருந்தால் அதுவும் கிடைக்காது. ஆகவே ஒவ்வொருவருக்கும் பக்கவாட்டுக் கயிறுகளை அளவு பார்த்துக் கட்டுவதை நாங்கள் மிகுந்த கவனத்தோடு செய்வோம்.

இந்த உடையின் வரலாறு இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் வில்பர் ஃபிராங்க்ஸ் உருவாக்கிய உடையில் காற்றுக்குப் பதிலாக நீர் நிரப்பப்பட்டது. இதயத்திலிருந்து காலுக்கு இறங்கும் இரத்தத்தின் எடை எவ்வளவு கூடுகிறதோ, வெளியே சுற்றியிருக்கும் நீரின் எடையும் அவ்வளவே கூடும் என்பதால், வால்வு எதுவும் இல்லாமலே அழுத்தங்கள் சமன்பட்டன. இயற்பியல் ஆசிரியரான உங்களுக்கு இது பிடிக்கும் என்று நம்புகிறேன். 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்கப் படையிறக்கத்தின்போது பிரிட்டிஷ் கடற்படை விமானிகள் அதை அணிந்து பறந்தார்கள். ஆனால் அது கனமாகவும் வெப்பமாகவும் இருந்தது. சிட்னியில் ஃபிராங்க் காட்டனும், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஏர்ல் வுட் உள்ளிட்ட குழுவினரும் வளர்த்தெடுத்த காற்றுப்பை உடைகளின் வழிவந்தவையே இன்று பயன்பாட்டில் இருக்கின்றன.

உடையைவிடப் பெரிய பாதுகாப்பு விமானியின் சொந்தத் தசைகளில் இருக்கிறது. ஜி ஏறத் தொடங்குவதற்கு முன்பே கெண்டைக்கால், தொடை, பிட்டம், வயிறு ஆகியவற்றை முழு வலுவோடு இறுக்கிவிட வேண்டும். மூச்சை உள்ளிழுத்து, குரல்வளையை மூடி, மூடிய தொண்டைக்கு எதிராக மார்பை அழுத்த வேண்டும். இதனால் இதய மட்டத்திலேயே இரத்த அழுத்தம் உயர்கிறது. ஒவ்வொரு 3 நொடிக்கும் ஒருமுறை, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மூச்சை விட்டு மீண்டும் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். மூச்சைச் சற்று நீட்டி விட்டாலோ, நடுவில் பேச முயன்றாலோ, மார்பின் அழுத்தம் சரிந்து அடுத்த துடிப்பிலேயே தலைக்கு இரத்தம் போவது நின்றுவிடுகிறது. இதைச் சரியாகச் செய்தால் 3 ஜி-க்கு மேல் கூடுதல் திறன் கிடைக்கிறது. உடல் இயல்பாகத் தரும் 4 முதல் 5, உடை தரும் ஒன்று ஒன்றரை, தசையும் மூச்சும் தரும் 3 என்று கூட்டிப் பார்த்தால், 9 என்ற எண் எவ்வளவு நெருக்கடியான எண் என்பது விளங்கும்.

எஃப்-16 விமானத்தின் இருக்கை 30 பாகை பின்சாய்வாக அமைக்கப்பட்டிருப்பது பலருக்குத் தெரியும். அது வசதியானதுதான், ஆனாலும் அந்தச் சாய்வில் இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையிலான செங்குத்து உயரம் பெரிதாகக் குறைவதில்லை. பெரும் பயன் வேண்டுமென்றால் 60 பாகைக்கு மேல் சாய வேண்டும். அப்படிப் படுத்துக்கொண்டு பின்னால் வரும் எதிரியைத் திரும்பிப் பார்க்க முடியாது. முகமூடி வழியாகப் பிராணவாயுவை அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் செலுத்தும் முறை பிற்காலத்தில் வந்தது. அதன் பெரிய பயன் களைப்பைக் குறைப்பது.

இந்திய விமானப்படையினருக்கு இதற்கான பயிற்சி பெங்களூரிலுள்ள விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் நடைபெறுகிறது. 1957-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தில், நீண்ட கையின் முனையில் மனிதரை அமர்த்திச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் இருக்கிறது. ககன்யான் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவச் சோதனைகளும் அங்கேதான் நடந்தன. அங்கே மயங்கினால், மருத்துவர் ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுவார். வானத்தில் அந்தப் பொத்தான் கிடையாது.

மயக்கத்தைத் தவிர உடல் படும் மற்ற பாடுகளையும் வகுப்பில் சொல்லுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 9 ஜி-யில் 630 கிலோவாக இருக்கையில் அழுந்துகிறார். தலைக்கவசமும் முகமூடியும் சேர்ந்து 2 கிலோ என்றால், கழுத்து சுமப்பது 18 கிலோ. தலையின் எடை தனி. அந்த நிலையில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதால் போர் விமானிகளிடையே கழுத்து வலியும் முதுகெலும்புத் தேய்மானமும் பரவலாக உள்ளன. பறந்து இறங்கியவர்களின் முன்கையிலும் தொடையின் பின்புறத்திலும் சிறு சிவப்புப் புள்ளிகளை அடிக்கடி பார்த்திருக்கிறேன். நுண்குழாய்கள் வெடித்ததால் வருபவை அவை, சில நாள்களில் மறையும். தூய பிராணவாயுவைச் சுவாசித்தபடி உயர் ஜி-யில் பறந்தவர்களின் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக்கொள்வதால், இறங்கியதும் வறட்டு இருமல் வருவதும் உண்டு.

முறையான பயிற்சியும், சரியாகக் கட்டப்பட்ட உடையும், இடைவெளியின்றிப் பறக்கும் பழக்கமும் இருந்தால், 9 ஜி-யை உடல் ஏற்றுக்கொள்கிறது என்பதே என் அனுபவம்.


விபத்து அறிக்கைகளைப் படிப்பவர் எழுதியது:

நீலச்சீருடை ஐயா எழுதிய ஒவ்வொரு தகவலையும் ஏற்கிறேன். இறுதி வாக்கியத்தை மட்டும் அப்படியே ஏற்க இயலவில்லை. உலகின் மிகச் சிறந்த பயிற்சியும் தொடர்ந்து பறக்கும் பழக்கமும் உடையவர்கள் சாகசக் குழு விமானிகள். அவர்களிலேயே மூன்று உயிர்கள் எப்படிப் போயின என்பதைப் பார்த்தால், ஐயா குறிப்பிட்ட அந்த நெருக்கடியின் அளவு தெரியும்.

2007 ஏப்ரல் 21 அன்று, அமெரிக்கக் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ் குழுவைச் சேர்ந்த ஒரு விமானி, தென் கரோலினாவில் நடந்த காட்சியின்போது விபத்தில் இறந்தார். அந்தக் குழுவினர் ஜி-சூட் அணிவதில்லை. ஒரு விமானத்துக்கு மிக அருகில் இன்னொன்று பறக்க வேண்டியிருப்பதால், அவர்கள் முன்கையைத் தொடையின் மேல் ஊன்றிக்கொண்டு, வில்சுருள் இழுக்கும் கட்டுப்பாட்டுத் தண்டை எதிர்த்துப் பிடித்திருக்கிறார்கள். தொடையிலுள்ள காற்றுப் பை திடீரென்று உப்பினால் கை அசைந்துவிடும். ஆகவே தசைகளை இறுக்குவது ஒன்றே அவர்களுக்குத் துணை. அந்த விமானி வயிற்றுத் தசைகளை உரிய அளவுக்கு இறுக்காததால் தம் நிலையை உணரும் திறனை இழந்தார் என்பது விசாரணையின் முடிவு.

2011 ஆகஸ்ட் 20 அன்று, பிரிட்டனின் ரெட் ஆரோஸ் குழுவின் ஹாக் விமானம் ஒன்று, போர்ன்மவுத்தில் காட்சி முடிந்து தரையிறங்குவதற்காகத் திரும்பும்போது விழுந்தது. ஜி-யின் தாக்கத்தால் விமானி செயலிழந்திருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு கருதியது. முழு மயக்கத்துக்குச் சற்று முன்னதாக, கண் திறந்திருந்தும் சிந்தனையும் கையும் இணையாத ஓர் இடைநிலை உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. அனுபவிப்பவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை. காட்சி முடிந்து வீடு திரும்பும் வேளையில் இது நிகழ்ந்ததை நினைக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

மூன்றாவது, இந்தக் கேள்விக்கு மிகவும் பொருந்துவது. 2018 ஏப்ரல் 4 அன்று, அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் குழுவைச் சேர்ந்த எஃப்-16 விமானம் நெவாடாவில் பயிற்சியின்போது விழுந்தது. விமானி 20 நொடிகளுக்கு மேல் தலைகீழாகப் பறந்தார். அப்போது உடலில் எதிர்த்திசையில் 2 ஜி அளவுக்கு விசை செயல்பட்டது. அங்கிருந்து அரைவட்டமாகக் கீழே வளைந்து இறங்கியபோது விசை நேர்த்திசையில் 8.5 ஜி அளவுக்கு ஏறியது. அவர் நினைவிழந்தார், மீண்டு வருவதற்குள் தரை வந்துவிட்டது.

உடலியங்கியல் ஐயா சொன்ன மூன்று அளவுகளோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்: அதற்கு முந்திய நொடிகளில் உடல் எந்த நிலையில் இருந்தது என்பது. எதிர்த்திசை ஜி-யில் இரத்தம் தலையை நோக்கிப் பாய்கிறது. முகம் உப்பி, கண்கள் சிவந்து, பார்வையும் செந்நிறமாகலாம். 3 ஜி அளவிலேயே அது தாங்க முடியாததாகிவிடுகிறது. கழுத்துத் தமனியின் உணரிகள் "அழுத்தம் மிகுந்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டு, இதயத் துடிப்பைக் குறைத்து, குழாய்களை விரிக்கின்றன. அந்த நேரத்தில் விமானி நேர்த்திசையில் இழுத்தால், உடல் முற்றிலும் தவறான ஆயத்தத்தில் சிக்கிக்கொள்கிறது. வழக்கமாக 8 ஜி தாங்குபவர் அந்த நிலையில் அதைவிடக் குறைந்த ஜி-யிலேயே மயங்கக்கூடும். 1990களில் கனடாவின் ஆய்வாளர்கள் இந்த விளைவைத் தெளிவாக நிறுவினார்கள். விமானி எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், தம் கழுத்துத் தமனிக்கு ஆணையிட முடியாது.

அதனால்தான் இயந்திரத்தின் துணை தேவை என்று உறுதியாக நம்புகிறேன். தரையோடு மோதப்போவதைக் கணித்து, விமானி செயல்படாவிட்டால் விமானத்தைத் தானே நிமிர்த்தும் அமைப்பை அமெரிக்க விமானப்படை 2014 முதல் தன் எஃப்-16 விமானங்களில் பொருத்தியது. 2016-இல் அரிசோனாவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒரு விமானி 8 ஜி-க்கு மேல் ஏறிய திருப்பத்தில் நினைவிழந்து, விமானம் தரையை நோக்கிப் பாய்ந்தபோது, பயிற்றுநர் வானொலியில் பதறிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இந்த அமைப்பே விமானத்தை மேலே தூக்கியது. அந்தக் காணொளி வெளியிடப்பட்டுள்ளது. மாணவர்களுக்குக் காட்டத் தகுந்தது. உத்தி புதியதன்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானங்களில், செங்குத்துப் பாய்ச்சலிலிருந்து விமானத்தைத் தானாக மேலெழுப்பும் பொறி இருந்தது. எழும்போது விமானிக்குக் கண் இருண்டுவிடும் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.


இயற்பியல் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 30 செ.மீ. உயரமுள்ள இரத்தத் தம்பத்தின் கணக்கை நாளையே கரும்பலகையில் போடப் போகிறேன். பாய்ம அழுத்தமும் வட்ட இயக்கமும் எங்கள் பாடத்தில் தனித்தனி அலகுகளாக இருக்கின்றன. அவை இரண்டும் ஒரு மனிதரின் கழுத்தில் சந்திப்பதை மாணவர்கள் காண்பது நல்லது.

இன்னும் இரண்டு ஐயங்கள் மட்டும். முதல் கேள்வியைக் கேட்ட மாணவி விமானப்படையில் சேர விரும்புகிறாள். நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடுகிறாள். அது ஜி-யைத் தாங்க உதவுமா? பெண்களுக்குத் தாங்கும் திறன் குறைவு என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் உண்மை உண்டா?


உடலியங்கியல் எழுதியது:

முதலில் இரண்டாவது ஐயத்துக்கு விடை: உண்மை இல்லை. 1980களிலேயே அமெரிக்க விமானப்படை ஆண்களையும் பெண்களையும் சென்ட்ரிஃபியூஜில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தாங்கும் திறனில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உயரம் குறைந்தவர்களுக்கு இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையிலான தொலைவு குறைவு என்பது, நீங்கள் கரும்பலகையில் போடப்போகும் அதே கணக்கின்படி, ஒரு சிறு நன்மையே. ஆண்களின் உடலளவுக்குத் தைத்த ஜி-சூட் பெண்களுக்குச் சரியாகப் பொருந்தாததுதான் உண்மையான இடர்ப்பாடாக இருந்தது. அது தையலில் தீரக்கூடியது. இந்திய விமானப்படையின் முதல் மூன்று பெண் போர் விமானிகள் 2016 ஜூனில் பணியமர்ந்தார்கள்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை, அளவோடு ஓடுவது நல்லது. களைப்பிலிருந்து விரைவில் மீளவும், அடுத்தடுத்து வரும் திருப்பங்களைத் தாங்கவும் அது உதவும். ஆனால் மாரத்தான் அளவுக்குப் பயிற்சி செய்பவர்களின் ஓய்வுநிலை இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தாழ்ந்திருப்பதால், திடீர் ஜி-யில் அது துணைசெய்யாமல் போகலாம் என்ற கவலை விமான மருத்துவர்களிடையே உண்டு. கால், இடுப்பு, வயிறு, கழுத்து ஆகியவற்றுக்கு எடைப்பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தசைகளை இறுக்கும் முறைக்கு வேண்டிய வலு அங்கிருந்துதான் வருகிறது. உடலில் நீர் குறைவது, வெறும் வயிறு, தூக்கமின்மை, காய்ச்சலுக்குப் பிந்திய நாள்கள், வெயிலில் நெடுநேரம் காத்திருப்பது ஆகிய ஒவ்வொன்றும் தாங்கும் திறனைக் குறைக்கும்.


நீலச்சீருடை எழுதியது:

விபத்து அறிக்கைகளை எடுத்துக்காட்டிய நண்பரின் கருத்தோடு எனக்குப் பகையில்லை. தானியங்கி மீட்பு அமைப்பு எல்லாப் போர் விமானங்களிலும் வர வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆயினும் அது காப்பாற்றும் நொடிக்கு முன்பிருக்கும் நொடிகளைக் காப்பாற்றுவது பயிற்சிதான் என்பதில் மாற்றமில்லை. சில வாரங்கள் பறக்காமல் இருந்துவிட்டு வரும் விமானிக்குக்கூடத் தாங்கும் திறன் குறைந்திருக்கும். அதனால் முதல் நாளிலேயே உச்ச ஜி-க்குப் போவதில்லை.

மாணவிக்கு நடைமுறைத் தகவல் ஒன்று. பறக்கும் பிரிவுக்கான மருத்துவச் சோதனையில் மொத்த உயரத்தோடு, உட்கார்ந்த நிலையில் உயரம், காலின் நீளம், தொடையின் நீளம் ஆகியவற்றையும் தனித்தனியே அளப்பார்கள். உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ. வரையும், காலின் நீளம் 99 முதல் 120 செ.மீ. வரையும், தொடையின் நீளம் 64 செ.மீ.-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். இவை ஜி-யைத் தாங்குவதற்கான வரம்புகள் அல்ல. கால்மிதிகளும் கட்டுப்பாடுகளும் எட்ட வேண்டும் என்பதற்கும், இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் முன்பலகையில் இடிக்கக்கூடாது என்பதற்கும் வகுக்கப்பட்டவை. சுவரோரமாக நிமிர்ந்து அமரச் செய்து இப்போதே அளந்து பார்க்கலாம். விண்ணப்பிக்கும் ஆண்டில் வெளியாகும் அறிவிப்போடு அந்த அளவுகளை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.